அம்மணியின் வலப்பக்கம்

மூன்றாவது குடம் தண்ணீர் ஊற்றிய பிறகும் கோவிந்தனின் உடம்பிலிருந்து ரோமம் வந்துகொண்டே இருந்தது. விரற்கடை நீளத்தில், சாம்பல் நிறத்தில், குதிரை ரோமம். காதுமடலுக்குள்ளும் கழுத்து மடிப்பிலும் நகக்கண்ணிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. மகன் உமேஷ் சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க நுரையோடு வழிந்து மர்பி டவுன் சந்தின் சாக்கடைப் பக்கம் ஓடியது. நேற்றுப் பகல் வேலையிலிருந்து வந்ததும் அப்பா குளித்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார் என்பது மமதாவுக்கு ஞாபகம் இருந்தது. சாயங்காலம் ஐஸ் பெட்டியில் வைப்பதற்கு முன்பும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தார்கள். அதற்குப் பிறகும் இவ்வளவு எங்கிருந்து வருகிறதென்று அவளுக்குப் புரியவில்லை.

மறைப்புக்குப் பிடித்த பெட்ஷீட்டின் ஒரு முனை அவள் கையில் இருந்தது. மகள் அங்கே நிற்கக்கூடாது என்று அப்பாவின் அண்ணன் நாணு பெரியப்பா சொன்னார். தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்தவர். பிடிக்க ஆள் போதவில்லை என்றதும், சரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடி என்று இறங்கி வந்தார். ராகு காலம் இப்போதுதான் முடிந்திருக்கிறது, எமகண்டம் தொடங்குவதற்குள் குளிப்பாட்டிவிட வேண்டும் என்பது அவருடைய அவசரம். மமதா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

உமேஷின் கை அப்பாவின் வலது விலாவுக்கு வந்தபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் யாரும் தொடாத இடம் அது. கோவிந்தனுக்கு உடம்பெல்லாம் கூச்சம், வலது விலாவில் அதைவிட நாலு மடங்கு. கல்யாணமான புதிதில் மனைவி சரளா தெரியாமல் அங்கே கை வைக்க, மாப்பிள்ளை கட்டிலிலிருந்து கீழே விழுந்தார் என்பது முப்பது வருடமாக அந்த வீட்டில் ஓடுகிற கதை. தையல்காரனிடம் அளவு கொடுக்கமாட்டார், பழைய சட்டையைத்தான் கொடுத்தனுப்புவார். இப்படிப்பட்ட மனிதர் கூச்சமுள்ள குதிரைகளுக்கு ரோமம் வெட்டுகிற வேலையில் இருபத்தைந்து வருடம் இருந்தார் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சோப்பு விலாவின் மேல் போனது. இதோ துள்ளப்போகிறார் என்று மமதா காத்திருந்தாள். துள்ளவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து அழுதுகொண்டிருந்தாலும், அப்பா செத்துப்போய்விட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

உமேஷின் கையும் நின்றுவிட்டது. நுரையை வழித்துவிட்டுக் குனிந்து பார்த்தான். விலாவில், உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு பக்கம் திறந்த வளையமாக, கருநீலத்தில் ஒரு தடம். குதிரைக்காரன் மகனுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுப் பக்கத்து டாக்டர் நேற்று சட்டையைக்கூடக் கழற்றாமல் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஹார்ட் என்று எழுதிக் கொடுத்திருந்தார். உமேஷ் நிமிர்ந்து, சந்தின் ஓரத்தில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்ற மதலைமுத்துவைப் பார்த்தான்.

மதலைமுத்துவுக்கு லிங்கராஜபுரம். ஹென்னூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற குதிரையேற்றப் பள்ளியில் கோவிந்தனோடு பதினெட்டு வருடமாக வேலை பார்ப்பவர். கேட்பதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டார். நேற்றுப் பதினோரு மணிக்கு அம்மணி என்ற கிழட்டுக் குதிரைக்கு ரோமம் வெட்டிக்கொண்டிருக்கும்போது உதை விழுந்ததாம். பத்து நிமிஷம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இவர் சொன்னபோது, போனால் எப்படி ஆச்சு என்று கேட்பார்கள், ஓனர் காதுக்குப் போகும், அம்மணியை முடித்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மாதாவின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு, தானே ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாராம்.

வந்தார். மமதாதான் கதவைத் திறந்தாள். நிலையை இடது கையால் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். அவள் கேட்டாள், பிளேடு எப்படிப்பா இருந்துச்சு என்று. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"நல்லா இருந்துச்சும்மா. வெண்ணெ மாதிரி போச்சு."

அதைக் கேட்டு அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. தப்பித்தோம் என்று நினைத்தாள். அவர் குளித்தார், கொஞ்சம் ரசம் சாதம் சாப்பிட்டார், படுத்தார். ஐந்து மணிக்கு சரளா காப்பியோடு போய் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

இப்போது அந்தத் தடத்தைப் பார்த்ததும் மமதா பெட்ஷீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிளேடுகளைச் சாணை பிடிக்க அவளிடம்தான் கொடுத்தார்கள். ரோமம் வெட்டும் மிஷினில் மேலும் கீழுமாக இரண்டு பிளேடு, சீப்பு மாதிரிப் பல்லோடு. அப்பாவிடம் இருந்தது இரண்டு ஜோடி. ஒன்றில் போன மாதம் பல் உடைந்துவிட்டது. மிச்சமிருந்த ஜோடி மழுங்கிப்போய், அவள் வேலை செய்யும் லேப் சிவாஜிநகரில் இருப்பதால், மார்க்கெட் பக்கத்துச் சாணைக் கடையில் கொடுத்து வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். ஒன்பது நாள் அது அவளுடைய ஹேண்ட்பேகில் கிடந்தது. ஒருநாள் கடை மூடியிருந்தது. ஒருநாள் மழை. மற்ற நாட்களுக்குக் காரணமே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆச்சாம்மா என்று அப்பா கேட்டபோது, ஆச்சுப்பா என்று சொல்லிவிட்டாள். சமையலறையில் நின்று அதைத் துடைத்து, மிஷின் எண்ணெய் தடவிப் பளபளக்க வைத்து, புதுத்துணியில் சுற்றி அவருடைய டப்பாவில் வைத்தாள். அடுத்த முறைக்குள் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள்.

மொண்ணைப் பிளேடு ரோமத்தை வெட்டாது. பிடித்து இழுக்கும், தோலைக் கவ்வும். கூச்சமுள்ள குதிரைக்கு அதுவும் அடிவயிற்றில் பட்டால் என்ன ஆகும் என்பது கோவிந்தன் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதெல்லாம் தெரிந்தும்தான் அவள் எண்ணெய் தடவி வைத்தாள்.

குளிப்பாட்டி, வேட்டி கட்டி, மறுபடி பெட்டிக்குள் வைத்தார்கள். உமேஷ் ஈரக் கையோடு ஓனருக்குப் போன் செய்தான். கன்னடத்தில் நிதானமாகத்தான் பேசினான், ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எங்கள் அப்பாவைக் கொன்ற குதிரை உயிரோடு இருக்கக்கூடாது என்றான். ஓனருக்கும் அது பிடித்த பேச்சாகவே இருந்திருக்க வேண்டும். அம்மணிக்கு இருபத்துநாலு வயது. ஒரு காலத்தில் ரேஸில் ஓடியவள், இப்போது யாரையும் சுமக்க முடியாது. வயதான குதிரைகளுக்கு வருகிற ஒரு நோயில் ரோமம் உதிராமல் வளர்ந்துகொண்டே போய், உள்ளே வியர்வை தங்கிப் புண்ணாகிவிடும். வருடத்தில் இரண்டு முறை முழுசாக வெட்டியே ஆக வேண்டும். மயக்க ஊசி போட்டு வெட்டலாம் என்றால், போன வருடம் பாதி டோசுக்கே கீழே விழுந்து இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் வெட்டி முடிக்காவிட்டால் வேறு ஊசிதான் என்று ஓனர் சொல்லியிருந்தார். அதனால்தான் கோவிந்தன் ஞாயிற்றுக்கிழமையும் போனார். இப்போது குதிரை டாக்டர் ஒரு மணிக்கு வருவார், முடித்துவிடுகிறோம் என்று ஓனர் ஒத்துக்கொண்டார்.

அப்போது நாணு பெரியப்பா, செத்தவன் தொழில் சாமானைக் காலடியில் வைத்துத்தான் தூக்க வேண்டும், அது நம் வீட்டு வழக்கம் என்றார். தாத்தா போனபோது சுத்தியல் வைத்தோம் என்றார். மிஷின் இன்னும் லாயத்தில்தான் இருக்கிறது, நான் போய் எடுத்து வருகிறேன் என்றார் மதலைமுத்து.

நானும் வருகிறேன் என்றாள் மமதா. பிணம் வீட்டில் இருக்கும்போது பெண் வெளியே போவதா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அப்பாவின் செருப்பும் சட்டையும் அங்கே இருக்கிறது, எது அவருடையது என்று எனக்குத்தான் தெரியும் என்று சொன்னாள். வாயில் வந்த பொய். யாரும் அந்த மிஷினைத் திறந்து பார்ப்பதற்குள் பிளேடைக் கழற்றி எங்கேயாவது வீசிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் மனதில் இருந்தது.

ஸ்கூட்டரை மதலைமுத்து ஓட்டினார். லிங்கராஜபுரம் மேம்பாலம் தாண்டியதும் தலையைத் திருப்பாமல், அம்மணி நேற்றிலிருந்து சரியில்லை என்றார். எப்படிச் சரியில்லை என்று கேட்டாள். நீயே வந்து பார் என்று சொல்லி வேகத்தைக் கூட்டினார்.

லாயத்தில் ஆள் இல்லை. திங்கட்கிழமை விடுமுறை. தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு அறைகள், கடைசியில் அம்மணியுடையது. மற்ற குதிரைகள் எல்லாம் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு, தலையைச் சுவர் மூலையில் வைத்து நின்றன. மனிதர்கள் வந்தால் எட்டிப் பார்க்கிற குதிரைகள். ஒன்றுகூடத் திரும்பவில்லை. மமதா தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தாள்.

அம்மணி அறையின் நடுவில் நின்றாள். கட்டவில்லை. பக்கெட்டில் கொள்ளு ஊறி வெடித்துப் புளித்த வாசனை அடித்தது, தொட்டிருக்கவில்லை. இடப்பக்கம் முழுவதும் வெட்டி, தோலின் கருஞ்சாம்பல் தெரிந்தது. வலப்பக்கம் ரோமம் தொங்கியது. அதில் தோளிலிருந்து பின்னோக்கி மூன்று வரி மட்டும் வெட்டியிருந்தது. மூன்றாவது வரி அடிவயிற்றுக்கு வளையும் இடத்தில் நின்றுவிட்டிருந்தது. அதுதான் அந்த இடம். ஒரே குதிரை இந்தப் பக்கம் இளசாகவும் அந்தப் பக்கம் கிழடாகவும் தெரிந்தது.

"அங்கயே நில்லு பாப்பா. வலது பக்கம் பாரு," என்றார் மதலைமுத்து. அவர் உள்ளே வரவில்லை.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, தோளில், மூன்றாவது வரிக்குக் கீழே, தோல் நடுங்கியது. ஈ உட்கார்ந்தால் குதிரை தோலைச் சிலிர்ப்பதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அது ஓர் இடத்தில் சட்டென்று வந்து போகும். இது அப்படியில்லை. கையகலத்தில் ஒரு நடுக்கம், தோளிலிருந்து நேராக, நிதானமாகப் பின்னோக்கி நகர்ந்தது. விலாவைத் தாண்டியது. அடிவயிறு வளையும் இடத்துக்கு வந்தபோது அம்மணி பின்னங்காலை லேசாகத் தூக்கி, அப்படியே வைத்திருந்து, சத்தமில்லாமல் கீழே வைத்தாள். நடுக்கம் நின்றது. பிறகு மறுபடி தோளில், ஓர் அங்குலம் கீழே, ஆரம்பித்தது.

ஈ எதுவும் இல்லை. மமதா தேடிப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிலேந்து இப்டித்தான். நானும் ராவெல்லாம் பாத்துக்கினு இருந்தேன். மேலேந்து கீழ வரைக்கும் போவும். அப்பறம் திரும்ப மேலேந்து."

அந்த வரிசை அவளுக்குத் தெரியும். அப்பா வெட்டுகிற வரிசை. கூச்சமில்லாத தோளில் தொடங்கி, கூச்சம் இருக்கிற இடத்துக்கு மெதுவாகப் போவார். இடது உள்ளங்கையை முன்னால் அழுத்தி வைத்து, அதன் பின்னால் மிஷினை நகர்த்துவார். பட்டும் படாமல் தொட்டால்தான் கூசும், அழுத்திப் பிடித்தால் கூசாது என்பார். தன் விலாவை மட்டும் யாரும் அழுத்திப் பிடிக்கவும் விடமாட்டார்.

அவளுக்குப் பயமாக இருந்தது. ஓடிவிடலாம் போலவும் இருந்தது. ஆனால் வந்த வேலை முடியவில்லை. மிஷின் கதவுக்கு உட்புறம் ஆணியில் தொங்கியது. வயர் சுருட்டி அதன் மேலேயே போட்டிருந்தது, பிளக் எதிலும் செருகவில்லை. குதிரையைப் பார்த்தபடியே கையை நீட்டி அதை எடுத்தாள். திருகைத் தளர்த்தப் பிளேடின் மேல் விரல் பட்டதும் கையை உதறிக்கொண்டாள். சுட்டது. அரைமணி நேரம் ஓடிய மிஷினில் பிளேடு எப்படிச் சுடுமோ அப்படி. அந்த அறைக்குள் வெயில் வருவதில்லை.

துப்பட்டாவால் பிடித்துக் கழற்றினாள். இரண்டு பிளேடுக்கும் நடுவில் ரோமம் நசுங்கி, மென்று துப்பியது மாதிரி அடைத்திருந்தது. பிளேடுகளைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டிருக்கும்போது மதலைமுத்து பார்த்துவிட்டார்.

"அத ஏம்மா எடுக்குற. அது மொண்ண."

அவள் கை நின்றது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

கோவிந்தன் அண்ணன்தான் சொன்னார் என்றார் மதலைமுத்து. வெட்ட ஆரம்பிப்பதற்கு முன்னால் எப்போதும் தன் முன்கையில் வைத்துப் பார்ப்பார், நேற்றும் பார்த்தார். முடியைப் பிடித்து இழுத்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பல்லைப் பார்த்தார். எண்ணெயை மோந்து பார்த்துச் சிரித்தார். வேறு ஜோடி இல்லை, நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று இவர் சொன்னார். நாளைக்கு என்றால் ஊசிதான், மெதுவாகப் போனால் போகும் என்று அவர் சொல்லிவிட்டார்.

"பாப்பா மறந்துருச்சி போலகீது, நீ எதும் கேட்டுறாத முத்துன்னாரு. கேட்டா பேஜார் பண்ணிக்கும்னாரு. அவ்ளோதாம்மா சொன்னாரு."

மமதா பிளேடை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெண்ணெய் மாதிரிப் போனது என்று அவர் சொன்னபோது, விலாவுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவர் கோபித்துக்கொண்டிருக்கலாம். ஓர் அறை விட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவள் ஏன் என்று கேட்டிருப்பாள், சட்டையைத் தூக்கிப் பார்த்திருப்பாள், ஆட்டோ பிடித்திருப்பாள். அவளுக்கு அப்பாவின் மேல் தாங்கமுடியாத ஆத்திரம் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

நடுக்கம் தோளிலிருந்து விலாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா," என்றாள்.

நடுக்கம் பாதியில் நின்றது. அம்மணியின் ஒரு காது அவள் பக்கம் திரும்பியது. லாயம் முழுவதும் சத்தமில்லாமல் இருந்தது, ரோட்டில் போகும் லாரிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று பிற்பாடு அவளால் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தது போல இருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து நடுக்கம் மறுபடி பின்னோக்கி நகர்ந்தது.

மதலைமுத்து சிலுவை போட்டுக்கொண்டார். போகலாம் பாப்பா, மணி பதினொன்றரை என்றார்.

வீட்டுக்கு வந்தபோது கூட்டம் சேர்ந்திருந்தது. தப்பட்டைக்காரர்கள் சந்து முனையில் தீ மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியின் கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் வாசல்வரை கேட்டது. சரளா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணாடி மேல் படிகிற ஆவியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க முகம் தெரிந்தது, மறுபடி மங்கியது, மறுபடி துடைத்தாள்.

பிளேடை வழியிலேயே வீசியிருக்கலாம். ஹென்னூரில் குப்பைத் தொட்டி இருந்தது, அதன் பக்கத்திலேயே சிக்னலில் வண்டி நின்றது. மமதா வீசவில்லை. ஆனாலும் முதலில் வேறு வழியைத்தான் முயன்று பார்த்தாள். உமேஷைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, அம்மணியை விட்டுவிடச் சொல் அண்ணா, அப்பாவுக்குப் பிடித்த குதிரை என்றாள். வாயில்லா ஜீவன் என்றாள். உமேஷ் மிஷினை வாங்கித் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டான். அப்பாவின் விலாவை நீ பார்த்தாயா என்றான். பார்த்தேன் என்றாள். பார்த்துவிட்டுமா இதைச் சொல்கிறாய் என்றான். மிஷினைத் திருப்பியபோது பிளேடு இல்லாததைக் கவனித்தான்.

பன்னிரண்டு நாற்பது. சுவர்க் கடிகாரம் சமையலறையிலிருந்தே தெரிந்தது. இன்னும் இருபது நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் அதுவாகவே முடிந்துவிடும். மதலைமுத்து தானாகப் பேசமாட்டார். அம்மாவும் அண்ணனும் கடைசிவரை அவளை அப்பாவின் செல்லமாகவே வைத்திருப்பார்கள். அந்த இருபது நிமிஷத்தை அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

கூடத்துக்கு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். துப்பட்டா முடிச்சை அவிழ்த்தாள்.

"குதிர மேல தப்பில்ல. பிளேடு மொண்ண. நான் சாண புடிக்கல. புடிச்சேன்னு அப்பாகிட்ட பொய் சொன்னேன்."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உமேஷ் அவளை நெருங்கி வந்தான். அடிக்கப்போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நாணு பெரியப்பா கையைக்கூட நீட்டிவிட்டார். அவன் அடிக்கவில்லை. அவள் உள்ளங்கையிலிருந்த பிளேடுகளைப் பார்த்தான்.

"சனிக்கிழம நானும் கூடத்தான இருந்தேன். ஆச்சுப்பான்னியே."

அவள் தலையாட்டினாள்.

சரளா கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தியிருந்தாள். மகளைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. தெரிஞ்சிதான் வெட்டுனாரு."

"உங்கிட்ட என்ன சொன்னாரு?"

"நல்லா இருந்துச்சின்னாரு."

சரளா கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தாள். பிறகு, அப்ப சரி என்றாள். அது மன்னிப்பா, கோபமா, புருஷனோடு பேசிய பேச்சா என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. பிளேடுகளை மகளின் கையிலிருந்து எடுத்து, பெட்டியின் மூடியைத் தூக்கச் சொல்லி, கோவிந்தனின் வேட்டி முனையில் இரண்டையும் சேர்த்து முடிந்தாள். முடிச்சுப் போட்ட பிறகு அவளுடைய கை அவர் வலது விலாவின் மேல் இருந்தது. எடுக்கவில்லை. மூடியைப் பிடித்தவர்களுக்குக் கை வலிக்கிறவரை அங்கேயே வைத்திருந்தாள்.

உமேஷ் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். முதல் தடவை ஓனர் எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மணி ஒன்று அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. மூன்றாவது தடவை எடுத்தார்.

"பேட சார். குத்ரே பிட்பிடி," என்று குதிரையை விட்டுவிடச் சொன்னான் உமேஷ். "தப்பு நம்தே."

தப்பு எங்களுடையது என்றதற்கு மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று மமதாவுக்குக் கேட்கவில்லை. டாக்டர் மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டிருந்தாராம், குத்துவதற்குள் போன் வந்துவிட்டதாம். அது பிறகு மதலைமுத்து சொல்லித் தெரிந்தது. குதிரை அசையாமல் நின்றதாம், பக்கத்தில் யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல. அதை ஓனரே சொன்னாராம், கொஞ்சம் பயந்த குரலில். உமேஷ் போனை வைத்துவிட்டு உள்ளே வந்தான். மமதாவைக் கடந்து போனான். சடங்குக்கு உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தான், சடங்குப் பூணூலைப் போட்டுக்கொண்டான், கொடுத்த கொள்ளிச்சட்டியை வாங்கிக்கொண்டான்.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். பெண்கள் சந்து முனைவரை போகலாம், அதற்கு மேல் கூடாது. தப்பட்டை அடிக்க ஆரம்பித்ததும் சந்து நாய்கள் எல்லாம் ஓடி ஒளிந்தன. சரளாவை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மமதாவை யாரும் பிடிக்கவில்லை. அவளைச் சுற்றி ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டே எல்லோரும் நின்றார்கள்.

கொள்ளிச்சட்டியோடு உமேஷ் முன்னால் நடந்தான். கல்பள்ளிச் சுடுகாட்டுப் பக்கம் ரோடு திரும்பும் இடத்தில் நின்றான். பின்னால் பாடை தூக்கியவர்களும் நிற்க வேண்டியதாயிற்று. தப்பட்டை ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தது.

"திரும்பாதடா, சட்டி தூக்கினவன் திரும்பிப் பாக்கக்கூடாது," என்றார் நாணு பெரியப்பா.

உமேஷ் திரும்பினான். சட்டியிலிருந்து எழுந்த புகை அவன் முகத்தின் பாதியை மறைத்திருந்தது. கூட்டத்தில் வேறு யாரையும் பார்க்கவில்லை, நேராக மமதாவைத்தான் பார்த்தான். அவன் முகத்தில் என்ன இருக்கிறது என்று அந்தத் தூரத்தில் அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றுவிட்ட பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். மமதா தலையைக் குனியாமல் அவன் பார்த்து முடிக்கிறவரை நின்றாள்.